பின்னுக்கு

மஹோகனிப் பலகை, தேக்கு வளை,
கட்டியவன் பெயர் அழிந்த பித்தளைத் தகடு.
இந்தப் படகை ஓட்ட இரண்டு பேர் வேண்டும்:
சக்கரத்தில் நான்,
எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் கியர்த் தண்டைப் பிடித்தபடி
என் மச்சான் ரெஜினோல்ட் மிராண்டா.
நான் கத்துவேன், அவன் இழுப்பான்.
இருபத்தொரு வருடம் அப்படித்தான்.

சித்திரையில், காக்கைத்தீவுப் பக்கம்,
களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில்
மணல் திட்டு போன கிழமை இருந்த இடத்தில் இல்லை.
'பின்னுக்கு!' என்றேன்.
விசிறியின் ஓர் இதழ்
கருவாட்டு வால் மாதிரி மடிந்தது.
நீ பிந்தி இழுத்தாய் என்றேன்.
நீ பிந்திச் சொன்னாய் என்றான்.
ஒரு விநாடி.
அது யாருடைய விநாடி என்று
முகத்துவாரத் துறையில், மீன் ஏலத்தின் நடுவே,
அவனுடைய தாய்வரைக்கும் போனேன்
அவள் எனக்கு மாமியார் என்பதையும் மறந்து.

இனி ஆளே வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில், நவ்ஷாதின் கடையில்,
பழைய ஒஸ்டின் கார் ஒன்றின் ஸ்டியரிங் தூண்
கழுத்தில் கியர்ப் பிடியோடு தொங்கியது.
விலையை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
அன்றைக்கு என் முகம் மலிவாயில்லை.

ஆமர் வீதியில் விமலதாச பாஸின் லேத்.
சிக்கல் ஒன்றுதான்:
சக்கரம் சுற்ற வேண்டும்,
அதன் நடுவிலிருக்கும் பிடிகள் கூடவே சுற்றக் கூடாது.
குழாய்க்குள் குழாய், அதற்குள் ஒரு கம்பி.
வெளிக்குழாய் திசைக்கு,
உள்ளே இருப்பது கியருக்கு, கம்பி வேகத்துக்கு.
இடையில் அரை மில்லிமீற்றர் கிரீஸ்.
ஒரே வீட்டில் மூன்று குடும்பம்
முட்டாமல் புழங்குவதுபோல.
இரண்டு தரம் கடைந்து எறிந்தார்.
மூன்றாவதைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

நான் கேட்காமலே ஓர் ஆணியும் வைத்திருந்தார்.
வேகம் முழுக்க இறங்கினால்தான் அது பள்ளத்தில் விழும்,
விழுந்தால்தான் கியர் அசையும்.
'இல்லாட்டி பல்லு போகும் மாத்தயா'
என்று தன் பல்லைத் தொட்டுக் காட்டினார்.
அன்றைக்கு மீன் ஏலத்தில்
என் தொண்டைக்குள் அப்படி ஓர் ஆணி இருந்திருக்கலாம்.

ஞாயிறு, முதற்பூசை மணிக்கு முன்னால்
தனியாக வெளிக்கிட்டேன்.
பெருவிரலில் வேகம், நடுவிரலில் கியர்.
நினைத்தபடி எல்லாம்.
படகு மட்டும் இடப்பக்கம் சரிந்தே ஓடியது:
வலப்பக்கத்தில் எண்பத்தெட்டுக் கிலோ குறைவு.
திரும்பி வந்து இரண்டு மணல் மூட்டை ஏற்றினேன்.
மூட்டைகள் நெருப்புப்பெட்டி கேட்கவில்லை,
நான் பாடுவதைக் குறை சொல்லவுமில்லை.

திட்டுக்கு நூறடி முன்னால்
'பின்னுக்கு!' என்று கத்தினேன்.
யாருக்குக் கத்தினேன்?
சொல் வாயில் இருக்கும்போதே என் விரல் இழுத்துவிட்டது.
படகு முன்னுக்கே போனது.
பிறகுதான் கியர் கடித்தது.

தள்ளிப்போய் மறுபடி இழுத்தேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி.
எட்டுத் தரம்.
ஒரு விநாடி, கொஞ்சம் கூடவும் இருக்கலாம்:
பெட்டிக்குள் தேய்ந்துபோன கூம்பு ஒன்று
தன் சோடியைப் பற்றிப்பிடிக்க எடுக்கும் நேரம்.
இருபத்தொரு வருடமாய் அந்த விநாடியின் சொந்தக்காரனை
காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

எஞ்சினை நிறுத்தினேன்.
துறைமுகக் கிரேன்கள் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
நாலாவது மணியில் போனை எடுத்தான். பேசவில்லை.
பின்னணியில் மாமியாரின் இருமல்.
'பதின்மூன்றாம் நம்பர் ஸ்பெனர் உன்னிடமா?'
'உன்னிடம்தான்' என்றான்.
அது என் மடியில் கிடந்தது.
'காணவில்லை. வந்து தேடித் தா.'

பதில் சொல்லப் பிந்தினான்.
காத்திருந்தேன்.